கேரவன் கவர்: இரண்டு குளிர்காலம், மூன்று கிழிசல், ஒரு கோணி ஊசி

முழுசாகப் படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்தில் கேரவனை மூடிவைக்க நான் வாங்கிய கவருக்கு ஐந்துக்கு இரண்டரை. கிழிந்ததும் ஒட்டிய டேப்புக்கு நாலு. அம்மாவின் கோணி ஊசிக்கு ஐந்துக்கு ஐந்து, அதற்கு மேல் போட இடம் இருந்தால் அதையும் போட்டிருப்பேன். கிழிந்ததற்குக் காரணம் பாதி கவர், பாதி நான். என் பாதியைப் பற்றித்தான் இதில் அதிகம் எழுதப் போகிறேன், ஏனென்றால் கவர் விற்கிற இடங்களில் கிடக்கும் ஐந்து நட்சத்திரப் பாராட்டுகள் எல்லாம் பார்சல் வந்த மறுநாள் எழுதியவை. “பார்க்க நன்றாக இருக்கிறது, சீக்கிரம் வந்தது.” சரி, ஜனவரிக் காற்றுக்கு அப்புறம் எப்படி இருந்தது? அதை ஒருத்தரும் எழுதக் காணோம்.

கேரவன் என்றதும் ஊரில் எல்லாருக்கும் ஷூட்டிங்கில் நடிகர்கள் உட்காரும் ஏசி வண்டிதான் ஞாபகம் வரும். நான் வாங்கியிருக்கிறேன் என்று போனில் சொன்னபோது பெரியம்மா, “எந்தப் படத்துக்குடா?” என்றார். இங்கே இங்கிலாந்தில் கேரவன் என்றால் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற குட்டி வீடு. எஞ்சின் கிடையாது. படுக்கை, கேஸ் அடுப்பு, கையளவு கழிப்பறை எல்லாம் உண்டு. 1997 முதல் லைசென்ஸ் எடுத்தவர்கள் கனமான வண்டியை இழுக்க முன்பு தனியாக ஒரு தேர்வு கொடுக்க வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 16 முதல் அதை எடுத்துவிட்டார்கள், 3,500 கிலோ வரை இழுக்கலாம். அந்தச் சட்டம் மாறியதும் ஆசை வந்தவர்களில் நானும் ஒருவன். 2023 கோடையில் 2012 மாடல் வண்டி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். நார்த்தாம்ப்டன் பக்கம் பழைய வீடு, முன்னால் காரும் கேரவனும் நிற்க இடம் இருக்கிறது. புதிதாகக் கட்டுகிற குடியிருப்புகள் பலவற்றில் வீட்டு முன்னால் கேரவன் நிறுத்தக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவிடுகிறார்கள், வாங்குமுன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈஸ்டரிலிருந்து அக்டோபர் வரை ஊர் சுற்றினால், மிச்ச ஐந்து மாதம் வண்டி வெயிலிலும் மழையிலும் சும்மா நிற்கும். வெறுமனே விட்டால் வடக்குப் பக்கம் பச்சையாகப் பாசி பிடிக்கும், கூரையிலிருந்து கறுப்புக் கறுப்பாகக் கோடு வழியும், மூட்டுகளில் நீர் புகாமல் இருக்கப் பூசியிருக்கும் சீலண்ட் வெடிக்கும், மேலே மரம் இருந்தால் பறவை எச்சமும் பிசினும். எங்களுக்கு இதெல்லாமே உண்டு. கூரை மூட்டில் நீர் இறங்கிவிட்டால் சுவருக்குள் இருக்கும் மரச்சட்டம் ஊறிப்போகும், அதைச் சரிசெய்ய ஆகும் செலவில் இன்னொரு பழைய வண்டியே வாங்கலாம்.

“ஒரு தார்ப்பாயைப் போட்டுக் கட்டிவிடேன்” என்று நம் ஆள் ஒருவர் சொன்னார். செய்யாதீர்கள். நம் ஊர் நீலத் தார்ப்பாய் மூச்சு விடாது. உள்ளே ஈரம் வேர்த்து, வெளியேற வழியில்லாமல் அலுமினியச் சுவரிலும் சீலண்டிலும் மாதக்கணக்கில் நிற்கும், மூடி வைத்ததே கெடுதலாகிவிடும். கேரவன் கவர் என்று விற்பது மூச்சு விடும் துணி. பெரும்பாலும் நெய்யாத பாலிபுரொப்பிலீன், மூன்று அல்லது நாலு அடுக்கு. நடுவில் நீரைத் தடுத்து நீராவியை மட்டும் விடும் மெல்லிய படலம், உள் பக்கம் கொஞ்சம் மெத்தென்று. கொரோனா காலத்தில் மூக்கில் மாட்டிக்கொண்டோமே அந்த மாஸ்க், அதே ஜாதி. தீபாவளிக்கு ஜவுளிக்கடையில் கொடுக்கும் துணி மாதிரியான பையும் இதே சாமான்தான். அந்தப் பையை மொட்டைமாடியில் ஒரு கோடைக்கு விட்டு, அப்புறம் தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா? கையில் பொடிப்பொடியாக உதிரும். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேலைக்கு வரும்.

நான் வாங்கியது நாலு அடுக்குக் கவர், 135 பவுண்டு. பெயர் சொல்லப் போவதில்லை. நீளத்தை அடிக்கணக்கில் ஒரு வரம்பாகப் போடுகிறார்கள், 17 முதல் 19 அடி என்பதுபோல். எங்கள் வண்டியின் உடல் பகுதி 17 அடியைக் கொஞ்சம் தாண்டும். “பொருந்தும்” என்று பெட்டி சொன்னது. பொருந்தியது, அண்ணன் சட்டை தம்பிக்குப் பொருந்துகிற மாதிரி. பின்னால் இரண்டு சாண் தொளதொள. அந்தத் தொளதொளதான் வினை என்பது எனக்கு அப்போது தெரியாது.

முதல் முறை மாட்டியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். 2023 நவம்பர், ஞாயிற்றுக்கிழமை, தூறல். கவரை விரித்ததும் எது முன், எது பின் என்று தெரியவில்லை. வண்டி எட்டடிக்கு மேல் உயரம். ஏணியில் நான், கீழே துடைப்பக் கட்டையால் தள்ளிக்கொண்டு மனைவி, ஒன்றரை மணி நேரம். முக்கால்வாசி மாட்டிய பிறகுதான் தலைகீழாகப் போட்டிருக்கிறோம் என்று தெரிந்தது. கழற்றித் திருப்பிப் போட்டோம். மனைவி கடுப்பில் மார்க்கர் எடுத்துவந்து முன்பக்க ஓரத்தில் கொட்டை எழுத்தில் “முன்” என்று தமிழில் எழுதிவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் அது கவர் கம்பெனியின் பெயர் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்று நான் செய்யாமல் விட்டவை இரண்டு. வண்டியைக் கழுவவில்லை, போன மாத வேல்ஸ் பயணத்து மண் அப்படியே இருந்தது. நீட்டிக்கொண்டிருக்கும் மூலைகளுக்கு எதுவும் கட்டவில்லை.

2024 ஜனவரி 21, ஞாயிறு இரவு, இஷா என்று பெயர் வைத்த புயல். வடக்கே நார்தம்பர்லாந்தில் மணிக்கு 99 மைல் காற்று பதிவானது. எங்கள் பக்கம் அவ்வளவு இல்லை, ஆனாலும் ராத்திரி முழுக்க யாரோ ஜமுக்காளத்தை உதறுகிற மாதிரி சத்தம். மூச்சை இழுத்துக்கொள்வது போல் கவர் உப்பும், பிறகு ‘டப்’ என்று சுவரில் அறையும், மறுபடி உப்பும். காலையில் வெளியே போய்ப் பார்த்து முடிப்பதற்குள் செவ்வாய்க்கிழமை ஜோசலின் என்று அடுத்த புயல் வந்துவிட்டது. அந்த இரண்டு நாளில் மூன்று கிழிசல்.

முதலாவது முன்பக்கத்து மேல் மூலையில். கேரவனின் பக்கவாட்டில் பந்தல் மாட்டுவதற்கு அலுமினியத் தண்டவாளம் மாதிரி ஒரு வரிப்பள்ளம் ஓடும், அதன் நுனி கத்தி போல இருக்கும். அதில் துணி உரசி உரசி ‘ட’ எழுத்தைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி கிழிந்திருந்தது, ஒரு கை சாண், மற்றது நாலு விரல். இரண்டாவது கூரையில் டிவி ஏரியலின் மேல், ஐம்பது பைசா அளவுக்குத் தேய்ந்த ஓட்டை. மூன்றாவதுதான் எனக்குக் கோபம் வந்த இடம்: வண்டிக்கு அடியில் போய் மறுபக்கம் மாட்டுகிற பெல்ட், அதன் வளையம் தையலோடு பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. மற்ற இரண்டும் என் கவனக்குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். இது அப்படியில்லை. இழுவை முழுவதையும் தாங்கும் இடத்தில் உள்ளே ஒரு தாங்குதுணிகூட வைக்காமல், ஒற்றை அடுக்குத் துணியில் நெருக்கமாக இரண்டு வரி மெஷின் தையல் மட்டும் போட்டிருந்தார்கள்.

படம் எடுத்து அனுப்பினேன். “காற்றால் ஏற்படும் சேதம் உத்தரவாதத்தில் அடங்காது” என்று இரண்டே வரியில் பதில். குளிர்காலத்தில் வெளியே போடுவதற்கு என்று விற்கிற பொருளுக்குக் காற்று அடங்காதாம். குடைக்கு மழை அடங்காது என்பது போல. நான் குறைத்த இரண்டரையில் ஒன்றரை அந்தப் பதிலுக்கு.

கிழிசலைவிட வயிற்றெரிச்சல் ஜன்னலில் இருந்தது. கேரவன் ஜன்னல் கண்ணாடி இல்லை, அக்ரிலிக் என்கிற பிளாஸ்டிக். சீக்கிரம் கீறல் விழும். நான் கழுவாமல் விட்ட மண் துணிக்கும் ஜன்னலுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, இரண்டு ராத்திரி உப்புத்தாள் போட்ட மாதிரி தேய்த்திருக்கிறது. முன் ஜன்னலில் முறம் அகலத்துக்கு வெள்ளை மூட்டம். அக்ரிலிக்குக்கான பாலிஷ் போட்டு மூன்று சனிக்கிழமை வட்டம் வட்டமாகத் தேய்த்ததில் முக்கால்வாசி போனது, ஆழமான இரண்டு கோடு இன்னும் இருக்கிறது, காலை வெயிலில் பளிச்சென்று தெரியும். அவசரத்தில் ஸ்பிரிட்டோ தின்னரோ போட்டுத் துடைத்துவிடாதீர்கள், அக்ரிலிக் மேலெல்லாம் மயிரிழை விரிசல் ஓடிவிடும், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.

இதற்கிடையில் சித்தப்பாவோடு வீடியோ கால். நாமக்கல்லில் இருக்கிறார், முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். பின்னால் தெரிந்த வண்டியைக் காட்டச் சொன்னார். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏங்கண்ணு, இப்படிப் படபடன்னு அடிச்சுக்குதே, யாரு கட்டுனது?”

“நான்தாங்க சித்தப்பா.”

“தார்ப்பாய் மழையில கிழியாது கண்ணு. ஆட்டத்துலதான் கிழியும். கீழ மட்டும் கட்டுனா பத்தாது, வயித்துல ரெண்டு கட்டுப் போடு. மூலைக்கெல்லாம் சாக்கு வை. லோடு ஏத்துனா நாங்க முதல்ல பாக்குறது அதைத்தான்.”

இருநூறு பக்கக் கையேடு படித்திருந்தாலும் இவ்வளவு தெளிவாகக் கிடைத்திருக்காது. லாரிக்காரர்கள் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக ஏன் அப்படி இறுக்குகிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

இனி ஒட்டுப்போட்ட கதை. முதல் நாள் அவசரத்துக்கு வெளியிலேயே, ஈரத் துணியில், வெள்ளி நிற டக்ட் டேப் அடித்தேன். பிடித்தது மாதிரி இருந்தது. மார்ச் வெயில் பட்டதும் டேப் தனியாகச் சுருண்டு வந்துவிட்டது, அதன் கோந்து மட்டும் துணியில் பலாப்பழப் பிசின் மாதிரி தங்கிவிட்டது. அதற்கு முன்னால் கூரை ஓட்டையில் சூப்பர் குளூ வைத்தேன், அது இன்னும் மோசம், கல்லாக இறுகி மடிப்பு விழுந்த இடத்தில் பட்டென்று ஒடிந்து ஓட்டையைப் பெரிதாக்கிவிட்டது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: பாலிபுரொப்பிலீன் மேல் சாதாரணக் கோந்து எதுவும் சரியாகப் பிடிக்காது, எண்ணெய் தடவிய தோசைக்கல்லில் ஸ்டிக்கர் ஒட்டுகிற மாதிரி. ஒரு நண்பர் இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டி ஒட்டலாம் என்றார். நல்லவேளை, துண்டு ஒன்றில் சோதித்துப் பார்த்தேன். அந்தப் பிளாஸ்டிக் சுமார் 160 டிகிரியிலேயே உருகும், பருத்தித் துணிக்கு வைக்கிற சூடு அதைத் தாண்டிவிடும். துண்டு அப்பளம் மாதிரி சுருங்கி நடுவில் ஓட்டையானதுதான் மிச்சம்.

கடைசியில் வேலை செய்தது டேர்-எய்ட் என்கிற ஒட்டுநாடா. ஒளி ஊடுருவும், ரப்பர் மாதிரி கொஞ்சம் இழுபடும். இரண்டு வகை உண்டு: ஏ வகை துணிகளுக்கு, பி வகை வினைலுக்கு. காற்று ஊதும் மெத்தை, பிவிசி சாமான் என்றால் பி. கேரவன் கவருக்கு ஏ. மாற்றி வாங்கிவிடாதீர்கள். சின்னப் பெட்டி பத்துப் பன்னிரண்டு பவுண்டுதான் ஆனது.

ஆனால் டேப் பாதி, ஒட்டுகிற முறை பாதி. கவரை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும், அதாவது நனைந்த பதினைந்து கிலோ துணி மூட்டையை ஹாலில் பரப்ப வேண்டும். இரண்டு நாள் ரேடியேட்டர் பக்கத்தில் கிடந்தது, வீடு முழுக்க நனைந்த நாய் வாசனை. காய்ந்ததும் கிழிந்த இடத்தைக் காய்கறி நறுக்கும் பலகை மேல் மல்லாத்தி வைத்தேன் (அந்தப் பலகை அதோடு சமையலறைக்குத் திரும்பவில்லை). ஓரத்தில் அடுக்குகள் பிரிந்து, நடுப்படலம் வெங்காயத் தோல் மாதிரி எட்டிப் பார்த்தது. தொங்கும் நூலைக் கத்தரித்து, அடுக்குகளைச் சேர்த்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒரு முறை துடைத்துக் காயவிட்டேன். ஸ்பிரிட் கவரில் மட்டும், ஜன்னல் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கிழிசலின் இரண்டு விளிம்பும் ஒன்றை ஒன்று தொடும்படி நெருக்கி, தாண்டி எல்லாப் பக்கமும் இரண்டு விரல் அகலம் வருகிற மாதிரி டேப்பை வெட்டினேன். மூலைகளை வட்டமாக வெட்டிவிட வேண்டும். சைக்கிள் பஞ்சர் கடையில் பார்த்திருப்பீர்கள், சதுரமாக ஒட்டுப்போட மாட்டார்கள், மூலை இருந்தால் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். ஒட்டிய பிறகு கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து வெளியே அழுத்தித் தேய்த்தேன். உள்பக்கமும் இதே மாதிரி ஒன்று. அப்புறம் ஒரு நாள் முழுக்க மடக்காமல் விட்டுவிட்டேன்.

டேப்புக்கு ஏன் நாலு, ஐந்து கொடுக்கவில்லை என்று கேட்டால், கூரை ஓட்டைக்கு ஒட்டிய துண்டு மேலெழும்பியது. தப்பு என்னுடையது, பொறுமை போய் அதை மட்டும் வெளியே, குளிரில் ஒட்டினேன். குளிரில் கோந்து துணியின் நார்களுக்குள் இறங்குவதில்லை. பிறகு உள்ளே கொண்டுவந்து மறுபடி ஒட்டியது இன்றுவரை அசையவில்லை. இருந்தாலும் இங்கே கவர் கிழிவது எல்லாமே குளிர்காலத்தில்தானே, அப்போது ஒட்ட முடியாத டேப்புக்கு முழு மதிப்பெண் எப்படிப் போடுவது?

பெல்ட் வளையத்துக்கு டேப் போதாது. அங்கே தைத்தே ஆக வேண்டும். அந்த மாதம் அம்மா வந்திருந்தார். நான் மெல்லிய ஊசியும் நூலுமாக உட்கார்ந்து நெருக்கி நெருக்கித் தைப்பதைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு நெருக்கமா ஓட்டை போட்டா தபால் தலை மாதிரி வரிசையாக் கிழிஞ்சு வந்துடும்டா” என்று பிடுங்கிக்கொண்டார். கம்பெனிக்காரர்கள் செய்த தப்பும் அதுதான், நான் அதையே பத்திரமாகத் திருப்பிச் செய்துகொண்டிருந்தேன். நெய்த துணியில் ஊசி போனால் இழை விலகிக் கொடுக்கும். நெய்யாத துணியில் விலக இழையே இல்லை, ஊசி போன இடமெல்லாம் ஓட்டைதான்.

அம்மாவின் பெட்டியில் கோணி ஊசி இருந்தது. மூட்டை தைக்கிற வளைந்த பெரிய ஊசி, மிளகாய்த் தூளும் கடலை எண்ணெயும் அனுப்பும் பார்சலுக்குத் தைக்க எடுத்து, அப்படியே வந்துவிட்டதாம். மகளின் கிழிந்த பள்ளிக்கூடப் பையிலிருந்து நைலான் பட்டையும், கொஞ்சம் கெட்டித் துணியும் வெட்டினோம். கெட்டித் துணியை உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று உள்ளங்கை அளவுக்கு வைத்து, நடுவில் கவர், மேலே பட்டை. இழுவை கவரில் விழாமல் அந்த இரண்டு துண்டில் விழ வேண்டும், அதுதான் கணக்கு. பருத்தி நூல் ஈரத்தில் மக்கும் என்பதால் பாலியெஸ்டர் நூல், இரட்டையாக. சுற்றிலும் சதுரம், குறுக்கே பெருக்கல் குறி, தையலுக்குத் தையல் அரை விரல் இடைவெளி. முடித்ததும் ஊசி ஓட்டைகளின் மேல் உள்பக்கம் ஒரு டேப். அம்மா பட்டையைப் பிடித்து ஒரு இழு இழுத்துப் பார்த்துவிட்டு, “இதுல மாடே கட்டலாம்” என்றார்.

ஜிப் பற்றி இரண்டு வார்த்தை. இழுத்தால் வரவில்லை என்று பலம் காட்டாதீர்கள். ஏர்போர்ட்டில் 23 கிலோ பெட்டியை மூடுவது போல, முதலில் இரண்டு பக்கத் துணியையும் கையால் நெருக்கிப் பிடித்துக்கொண்டு, பிறகு ஜிப்பை இழுக்க வேண்டும். பல்லில் மெழுகுவத்தியைத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். மூடிய பிறகும் பின்னாலேயே பிரிந்துகொண்டு வந்தால் பல்லின் மேல் ஓடும் ஜிப் ஓட்டியின் இரண்டு ஓரத்தையும் குறட்டால் மெல்ல ஒரு நெருக்கு நெருக்கினால் போதும், பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரண்டாவது குளிர்காலத்துக்கு, 2024 அக்டோபரில், ஒழுங்காக உட்கார்ந்து வேலை செய்தேன். வண்டியைக் கழுவி, காற்று இல்லாத உலர்ந்த நாளாகப் பார்த்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் கவர். தண்ணீர்க் குழாய் உறையாமல் இருக்கச் சுற்றும் ஃபோம் உறை கடையில் இரண்டு மூன்று பவுண்டுக்குக் கிடைக்கும். நீளவாட்டில் பிளவு இருக்கும், பந்தல் வரியின் நுனியிலும் கைப்பிடிகளிலும் அப்படியே கவ்வ வைத்தேன். ஏரியலை முழுசாக இறக்கி, தலையில் பழைய டென்னிஸ் பந்தைக் கீறிக் குல்லாய் மாட்டினேன். கூரை ஓரத்து நீர் வடியும் மூக்குகளுக்கும் ஃபோம் துண்டு. முன் ஜன்னலுக்கு மட்டும் சுத்தமான ஃபிளானல் துணி.

அப்புறம் சித்தப்பா சொன்ன வயிற்றுக்கட்டு. அகலமான பட்டை பெல்ட் இரண்டு வாங்கி, கவருக்கு வெளியே வண்டியைச் சுற்றி ஒட்டியாணம் மாதிரி இழுத்துக் கட்டினேன். பின்னால் தொளதொளவென்று இருந்த துணியை மடித்து அதற்குள் சொருகியாயிற்று. இரும்புக் கொக்கி வைத்த ரப்பர் கயிறு மட்டும் வேண்டாம், காற்றில் அவிழ்ந்தால் அந்தக் கொக்கியே சுத்தியல் மாதிரி வண்டியை அடிக்கும். நனைந்தால் பட்டை தளரும், மாட்டி ஒரு வாரம் கழித்து மறுபடி இறுக்க வேண்டும், பிறகு காற்று வருகிறது என்று சொன்னால் முந்தின சாயங்காலம் ஒரு சுற்றுப் பார்த்துவர வேண்டும். முன்னால் இருக்கும் குட்டிச் சக்கரத்தின் கைப்பிடியைச் சுழற்றி வண்டியின் மூக்கைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தினேன், கூரையில் குட்டை கட்டாமல் நீர் பின்னால் வழிந்துவிடும். ஒன்று மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: கவர் போட்டிருக்கும்போது உள்ளே கேஸ் அடுப்பு, ஹீட்டர் எதையும் பற்றவைக்கக் கூடாது, காற்றுத் துளைகளெல்லாம் மூடியிருக்கும்.

டிசம்பர் 7, சனிக்கிழமை, டரா புயல். வேல்ஸிலும் தென்மேற்கு இங்கிலாந்திலும் முப்பது லட்சம் பேரின் செல்போனை அரசாங்கமே எச்சரிக்கை மணியாக அலறவிட்ட புயல் அது. எங்கள் பக்கம் வேலிப் பலகைகள் பறந்தன. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஜமுக்காளச் சத்தம் இல்லை. கவரின் ஓரம் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். காலையில் அம்மாவின் வளையம் அப்படியே இருந்தது. படம் எடுத்து அனுப்பினேன். “சாப்டியா?” என்று பதில் வந்தது.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு விஷயத்தில் கவர் தோற்றுவிட்டது, அதற்குத்தான் மிச்ச ஒரு மதிப்பெண் போனது. 2025 ஏப்ரலில் கழற்றும்போது தெற்குப் பக்கத்துத் துணியை நகத்தால் சுரண்டினால் பஞ்சு மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தது. நிழலில் இருந்த வடக்குப் பக்கம் நன்றாக இருந்தது. சந்தேகத்துக்கு, பந்தலும் கவரும் தைத்துக் கொடுக்கும் பட்டறை ஒன்றுக்கு எடுத்துப் போனேன். அங்கே இருந்த பெரியவர் வாங்கும்போதே “கழுவிக் காயவைத்ததுதானே?” என்று கேட்டார், அழுக்கோடு கொண்டுபோனால் தொடுவதே இல்லையாம். இரண்டு விரலால் துணியைக் கிள்ளிப் பார்த்து, எதிரெதிராக இழுத்தார். நியூஸ்பேப்பர் மாதிரி வந்துவிட்டது. “வெயில் தின்றுவிட்டது, இதில் நூல் நிற்காது, உங்களிடம் காசு வாங்க எனக்கு மனசில்லை” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வேலையே செய்யாத அந்தப் பட்டறைக்கும் ஐந்து நட்சத்திரம். உங்கள் கவரிலும் ஒட்டுப்போட உட்காருமுன் இந்த நகச் சோதனையைச் செய்து பாருங்கள். துணிக்கு உயிர் இருந்தால்தான் டேப்பும் தையலும்.

கோடையில் கவரை வண்டி மேலேயே விட்டுவைப்பவர்கள் இருக்கிறார்கள், அது துணியின் ஆயுளைப் பாதியாக்கும். கழற்றியதும் மெல்லிய பிரஷ், பச்சைத் தண்ணீர், நிழலில் உலர்த்தல், அவ்வளவு போதும். வாஷிங் மெஷினும் துணி சோப்பும் நீர் தடுக்கும் தன்மையைக் கெடுக்கும், பிரஷர் வாஷர் அடுக்குகளைப் பிரித்துவிடும். காய்ந்த பிறகு மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில் போடுங்கள். தோட்டக் கொட்டகையில் சும்மா சுருட்டி வைத்தால் எலிக்கு அதைவிட நல்ல பிரசவ அறை கிடைக்காது.

கடற்கரையில், மேட்டில், காற்றுக்கு மறைப்பே இல்லாத இடத்தில் இருப்பவர்களுக்கு என் யோசனை, கவரே வேண்டாம். வருஷத்துக்கு இரண்டு முறை கழுவி மெழுகுப் பாலிஷ் போட்டு விட்டுவிடுங்கள். ஆடுகிற கவர் வண்டிக்குச் செய்யும் கேடு பாசி செய்வதைவிட அதிகம். எங்கள் மாதிரி மரமும் பறவையும் இருக்கும் இடத்துக்கு மட்டும் கவர்.

அடுத்து நான் வாங்கப் போவது அளவெடுத்துத் தைக்கும் கவர். விலை இதைப் போல இரண்டரை மடங்கு, அதனால் கண்ணை மூடிக்கொண்டு ஆர்டர் போடவில்லை. பெல்ட் வளையத்தின் உள்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை. பழையதை வெட்டியாயிற்று. வடக்குப் பக்கத்துத் துணி விறகு அடுக்கை மூடப் போனது. அம்மா தைத்த வளையத்தை மட்டும் பிரிக்க மனசில்லை, கராஜ் ஆணியில் தொங்குகிறது. “முன்” என்று எழுதிய துண்டு புல் வெட்டும் மெஷின் மேல், பின்பக்கமாகக் கிடக்கிறது.